இழைக்காத கழுத்து

டயர் கடைக்கு மேலே மாடியில் ஆள் விற்கிறார்கள் என்று அந்தத் தெருவில் ஒரு கேலிப் பேச்சு உண்டு. பொய்யும் இல்லை. போட்டோக்காரரும் அவர் மனைவியும் அங்கே விற்பது ஆள்களைத்தான். நிற்கிற ஆள், உட்கார்ந்த ஆள், குனிந்து செருப்பைத் தேடுகிற ஆள், தொப்பை விழுந்த ஆள், விலா எலும்பு தெரிகிற ஆள். எல்லாரும் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறவர்கள். ஓவியம் வரைகிறவர்கள், களிமண்ணில் சிலை செய்கிறவர்கள், படக்கதை போடுகிறவர்கள் வாங்கித் தங்கள் திரையில் நிறுத்திக்கொள்வார்கள். இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, முழங்கால் எப்படி மடிகிறது, முதுகில் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துப் பார்த்து வரைவார்கள். நிஜ ஆளை நிறுத்தினால் கால் வலிக்கிறது என்பான், டீ கேட்பான், பாதியில் வீட்டுக்குப் போகிறேன் என்பான். இந்த ஆள்களிடம் அந்தத் தொல்லை கிடையாது.

போட்டோக்காரர் முன்பு பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். கையில் போன் வைத்திருக்கிறவன் எல்லாம் போட்டோக்காரன் ஆனபிறகு அந்தப் பிழைப்பு படுத்துவிட்டது. அப்போது கிளம்பியதுதான் இந்த யோசனை. பெரிய கம்பெனிகளில் ஆளைச் சுற்றிக் கூண்டு மாதிரி கேமராக்களை நிறுத்தி ஒரே நொடியில் எடுத்துவிடுவார்களாம். இவருக்கு அதற்கு வக்கில்லை. மூடிப்போன ஒரு துணிக்கடையில் பொம்மையை வைத்துச் சுற்றிக்கொண்டிருந்த வட்ட மேடையை வாங்கிவந்தார். பக்கத்தில் ஒரு இரும்புக் குழாயை நட்டு, மேலிருந்து கீழாகக் கேமராக்களைக் கட்டினார். ஆளை மேடையில் ஏற்றி மெதுவாகச் சுற்றவிடுவார். ஒரு சுற்று முடிகிறவரை ஆள் அசையக் கூடாது, எச்சில்கூட முழுங்கக் கூடாது. முழுங்காதே என்று சொல்லவேண்டியதுதான் பாக்கி, எவனுக்கும் வாய் நிறைய ஊறிவிடும்.

முழுங்கினால் தொண்டையில் ஒரு மேடு விழும். படங்களை ஒட்டி உருவமாக்கும்போது, முழுங்குவதற்கு முன்னால் இருந்த தொண்டையும் பின்னால் இருந்த தொண்டையும் ஒத்துப்போகாமல் புடைத்து நிற்கும். அதைச் சரிசெய்வது அவர் மனைவியின் வேலை. விரல்கள் வாத்துக் கால் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும், ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். அக்குளில் ஓட்டை விழும், அடைக்க வேண்டும். காது மடல் பிய்த்த ரொட்டி மாதிரி வரும், அதை மடிப்பு மடிப்பாகக் காதாக்க வேண்டும். மவுஸைப் பிடித்து அவள் வழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, தச்சன் பலகையை இழைக்கிற மாதிரி இருக்கிறது என்றார் கணவர் ஒருநாள். அன்றிலிருந்து அவள் பெயரே இழைப்புக்காரி ஆகிவிட்டது. அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான். தொண்டை மேட்டையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு இழைத்துவிடுவேன் என்று சொல்லிக்கொள்வாள். அந்தப் பெருமைதான் அவளைக் கவிழ்த்தது.

மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் நாத்தனார் வந்தாள். போட்டோக்காரருக்கு ஒரே தங்கை. நகராட்சி நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீந்தச் சொல்லிக்கொடுக்கிறவள் என்பதால் வீட்டிலேயே எல்லாருக்கும் அவள் டீச்சர்தான். அவள் வருகிறாள் என்றால் படியில் கால் வைக்கும் முன்பே குரல் வந்துவிடும். குளத்தின் அந்தக் கோடியில் தண்ணீர் குடிக்கிற பிள்ளையை இந்தக் கோடியில் நின்று அதட்டியே மேலே கொண்டுவருகிற குரல். டயர் கடைக்காரர்கூட, உங்க தங்கச்சி சிரிச்சா டியூப் வெடிச்சுதோன்னு பாக்கறேன் என்பார். அன்றைக்குக் குரல் வரவில்லை. ஆள்தான் வந்து நின்றாள்.

"அண்ணி, சூடா ஒரு டீ போடுங்க. குடை இருந்தும் நனைஞ்சுட்டேன்."

"என்னடி, தொண்டை இப்படிக் கட்டியிருக்கு?" என்றார் அண்ணன்.

"அதைச் சொல்லத்தான் வந்தேன். உக்காரு. கழுத்துல கட்டியாம். தைராய்டுல. ஊசி போட்டு எடுத்துப் பாத்துட்டாங்க. கெட்ட கட்டிதான்."

போட்டோக்காரர் கையிலிருந்த லென்ஸ் மூடியை மேஜையில் வைத்தார், பிறகு எடுத்தார், மறுபடி வைத்தார். "எப்ப பாத்தாங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நீயா மருந்து கொடுக்கப்போறே? உறுதியாத் தெரியட்டும்னு இருந்தேன். குரல் கம்முச்சு. சளின்னு நெனச்சேன். டீச்சர் தவளையை முழுங்கிட்டாங்கன்னு பசங்க ஓட்டினாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன். அப்புறம் பாத்தா தண்ணி குடிச்சாலே புரையேறுது."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"ஆபரேஷன்தான். அடுத்த வாரம். ஆனா அவரு ஒண்ணே ஒண்ணைத்தான் திருப்பித் திருப்பிக் கேக்கறாரு. எப்போலேர்ந்து இருக்கு? போன வருஷம் இருந்துச்சா? அதுக்கு முன்னாடி? வேகமா வளர்ற கட்டியா, மெதுவா வளர்ற கட்டியான்னு தெரிஞ்சா எவ்வளவு அறுக்கணும், அப்புறம் என்ன வைத்தியம்னு முடிவு பண்ண ஈசியாம். எனக்கெப்படித் தெரியும்? அவங்கவங்க கழுத்தை யாரு தினம் பாத்துக்கிட்டிருக்கா?"

டீயோடு வந்த இழைப்புக்காரி அதைக் கொடுக்காமல் மேஜையிலேயே வைத்துவிட்டு, நாத்தனாரின் கழுத்தையே பார்த்தாள். நாத்தனார் அதைப் பிரியம் என்று எடுத்துக்கொண்டாள். "அட, நீங்க ஏன் அண்ணி இப்படி வெளிறிப்போறீங்க? அழுது வைக்காதீங்க. நான் இங்க வந்ததே வேற விஷயத்துக்கு. அறுத்தா தழும்பு விழும். அதுக்கு முன்னாடி ஒரு தடவை மேடையில ஏறி நின்னுட்டுப் போயிடறேன். புதுப் போஸ் இல்ல, புதுப் போஸ் இல்லன்னு இவன் புலம்பிக்கிட்டேயிருக்கானே."

"இந்த நேரத்துல அதெல்லாம் வேணாம்மா," என்றார் அண்ணன்.

"இந்த நேரத்துலதான் முடியும். கடை ஓட வேணாமா?"

கடை ஓடுவதே அவளால்தான். வேறு உருவங்கள் ஏதோ வாரத்துக்கு ஒன்று இரண்டு என்று நகரும். நீச்சல்காரி என்று பெயர் வைத்துப் போட்ட அவளுடைய உருவம்தான் ஓட்டமாக ஓடியது. இப்போது கம்ப்யூட்டரே கேட்ட மாதிரி ஆளை வரைந்து கொடுத்துவிடுகிற காலம். பக்கத்து ஊர்களில் இதே தொழில் செய்தவர்கள் எல்லாம் கடையைச் சாத்திவிட்டார்கள். ஆனால் கை தேர்ந்த ஓவியர்களுக்கு நிஜ உடம்பு வேண்டும். தோள்பட்டைக்குக் கீழே சதை எப்படி மடிகிறது என்று தெரிய வேண்டும். சிலை செய்கிற ஒரு பெரியவர் எங்கிருந்தோ எழுதியிருந்தார். இத்தனை வருஷத்தில் இப்படியொரு கழுத்தை நான் பார்த்ததில்லை, இரண்டு பக்கமும் அளந்து செய்த மாதிரி இருக்கிறது என்று. போட்டோக்காரர் அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். இழைப்புக்காரி வேலை செய்ய உட்கார்ந்தால் அது கண்ணுக்கு நேராக இருக்கும்.

அந்த உருவத்தை எடுத்தது இதற்கு முந்தின மழைக்காலத்துக்கும் முன்னால். கடையை விட்டுவிடலாமா என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டிருந்த சமயம். ஆள் வைத்து எடுக்க வழியில்லை. டீச்சர்தான், என் உடம்பை எடுத்துக்கோ அண்ணா, சும்மாதானே தண்ணியில ஊறிக்கிட்டிருக்கு என்று வந்து நின்றாள். குதிக்கப்போகிற மாதிரி ஒரு போஸ், தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒன்று, தலையைப் பின்னால் சாய்த்துச் சோம்பல் முறிக்கிற மாதிரி ஒன்று. முதல் போஸை இழைக்கும்போது தொண்டையின் வலது பக்கம் சின்னதாக ஒரு மேடு தட்டுப்பட்டது. முழுங்கிட்டா கழுதை என்று சிரித்துக்கொண்டே வழித்தாள். இரண்டாவது போஸிலும் அதே இடத்தில் இருந்தது. அவள் கை நின்றது. முழுங்கின மேடு தொண்டைக்கு நடுவில்தான் விழும், விளிம்பெல்லாம் கந்தலாக இருக்கும். இது ஓரமாக இருந்தது, வழவழப்பாக உருண்டையாக இருந்தது. மூன்றாவதில் தலை சாய்ந்திருந்ததால் பட்டாணி மாதிரி துருத்திக்கொண்டே தெரிந்தது.

ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். போனைக் கையில் எடுக்கவும் செய்தாள். உடம்பு அவளுடையது, அவளுக்குத் தெரியாதா என்று ஒரு நினைப்பு. நெறி கட்டியிருக்கும் என்று ஒரு நினைப்பு. அவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு நினைப்பும் இருந்தது. கேட்டால் பயந்துவிடுவாள், பயந்தால் என் உருவத்தை விற்பனைக்குப் போடாதே என்று சொல்லிவிடுவாள், பிறகு கடைக்கு என்ன கதி? இழைப்புக்காரி போனைக் கவிழ்த்து வைத்தாள். கழுத்தின் இடது பக்கத்தை அப்படியே பிரதி எடுத்து, கண்ணாடியில் தெரிகிற மாதிரி புரட்டி வலது பக்கத்தில் ஒட்டினாள். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அந்தக் கழுத்தைத்தான் சிலைக்காரப் பெரியவர் புகழ்ந்து எழுதினார்.

டீச்சர் போனபிறகு இழைப்புக்காரி கணவரோடு சாப்பிட உட்கார்ந்தாள். ரொட்டியைப் பிட்டு வைத்துவிட்டுச் சொன்னாள்: "என்னங்க, அந்த நீச்சல்காரியை எடுத்துடுவோம். விக்க வேணாம்."

போட்டோக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "எதுக்கு?"

"அவ ஆஸ்பத்திரியில கிடக்கப்போறா. நாம அவ உடம்பை வித்துக்கிட்டு இருக்கறதா?"

"அவளே வந்து இன்னொண்ணு எடுத்துக்கோங்கறா, நீ இருக்கறதை எடுன்னு சொல்றே. அதான் நமக்குச் சோறு போடுது. அவ வைத்தியத்துக்கும் அதுலேர்ந்துதான் நான் கொடுக்கணும். புரிஞ்சுதான் பேசறியா?"

"எனக்கு அதைப் பாக்க முடியலங்க."

"பாக்காதே. உனக்குத்தான் இதுல வேலை முடிஞ்சுபோச்சே." பிறகு குரல் தணிந்தது. "எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீயும் இப்படி ஆரம்பிச்சா நான் யாரைப் பிடிச்சுக்கறது?"

சொல்ல வாயெடுத்தவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பாத்திரம் கழுவும்போது தண்ணீர்க் குழாயை வேண்டுமென்றே பெரிதாகத் திறந்துவிட்டு அழுதாள். அவளுக்குத் தன்மேல் வந்த அருவருப்புக்கு அளவில்லை. நான் பார்க்கவில்லை என்று ஒரு தடவையாவது தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடிந்தால் போதும் என்றிருந்தது. முடியவில்லை. அவள் பார்த்திருந்தாள்.

படம் எடுக்கிற காலையில் மழை விட்டிருந்தது. டீச்சர் தோல் நிறத்தில் உடம்போடு ஒட்டிய உடுப்பைப் போட்டுக்கொண்டு, முடியைத் தொப்பிக்குள் திணித்துக்கொண்டு மேடையில் ஏறினாள். கீழே டயர் கடையில் காற்றடிக்கிற மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடினால் மாடி அதிரும், படம் கலங்கும். எப்போதும் நடக்கிற கூத்துதான். போட்டோக்காரர் போய்க் கெஞ்ச வேண்டும், டயர் கடைக்காரர் நாலு கதை பேசிவிட்டுத்தான் நிறுத்துவார்.

"நான் கீழே போய் அந்த மனுஷன் காலைப் பிடிச்சுட்டு வரேன். நீ பவுடர் போட்டுவை," என்று இறங்கிப் போனார்.

உடம்பில் பளபளப்பு இருந்தால் கேமரா ஏமாந்துவிடும். அதனால் வேர்க்கிற இடங்களில் பவுடர் ஒற்ற வேண்டும். நெற்றி, மூக்கு, தோள்பட்டை என்று ஒற்றிக்கொண்டே வந்த இழைப்புக்காரியின் விரல் கழுத்தில் நின்றது.

"அங்கதான் அண்ணி. கையில படுதா?"

"ம்."

"பயப்படாம ஒத்துங்க, வலிக்காது. உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டா? அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க, திட்டுவான். தெரியாதுன்னு டாக்டர்கிட்ட சொன்னேன் பாருங்க, அது முழுசா நெஜம் இல்ல. போன தடவை இங்க வந்து நின்னேனே, அந்தச் சமயத்துலயே எனக்குச் சந்தேகம். குளிச்சுட்டுத் துடைக்கறப்ப என்னமோ தட்டுப்பட்டுச்சு. கண்ணாடியில பாத்தா இருக்கற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போலாமா வேணாமான்னு ஒரே குழப்பம். அப்பதான் நீங்க உருவத்தை அனுப்பினீங்க, பாரு, நீ எப்படி வந்திருக்கேன்னு."

இழைப்புக்காரிக்கு அடுத்து வரப்போவது தெரிந்துவிட்டது. காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

"முதல் வேலையா கழுத்தைத்தான் பெருசாக்கிப் பாத்தேன். அப்படித் திருப்பி இப்படித் திருப்பிப் பாக்கறேன், சுத்தமா இருக்கு. இத்தனை கேமரா சுத்தி நின்னு எடுத்திருக்கு, இருந்தா தெரியாமலா போகும், எனக்குத்தான் மனப்பிராந்தின்னு விட்டுட்டேன். என் கையைவிட உங்க கேமராவை நம்பியிருக்கேன் பாருங்க. நல்ல கூத்து இல்ல?"

டீச்சர் சிரித்தாள். கம்மிய சிரிப்பு. கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இழைப்புக்காரி வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அதை நினைத்துப் பார்த்தாள் என்பதும் உண்மை. பிறகு பவுடர் பஞ்சைக் கீழே வைத்தாள்.

"கேமராவுல விழுந்திருந்துது."

"என்ன?"

"கட்டி. கேமரா சரியாத்தான் எடுத்திருந்துது. நான்தான் இழைச்சுட்டேன்."

டீச்சர் மேடையிலிருந்து இறங்கினாள். இழைப்புக்காரி கம்ப்யூட்டரில் பழைய ஃபைலைத் திறந்தாள். அவள் கை வைப்பதற்கு முன்னால், கேமராவில் வந்தபடியே இருந்த உருவம். விரல் ஒட்டி, காது சிதைந்து, அக்குளில் ஓட்டையோடு, தலையைப் பின்னால் சாய்த்தபடி நாத்தனார் திரையில் நின்றாள். கழுத்தில் பட்டாணி இருந்தது. டீச்சர் திரையில் அதன்மேல் விரலை வைத்தாள். இன்னொரு கை தானாகவே தன் தொண்டைக்குப் போயிற்று.

"நான் முழுங்கினேன்னு நெனச்சிருப்பீங்க," என்றாள் டீச்சர்.

தப்பித்துக்கொள்ள அவளே ஒரு வழியைத் திறந்துவிட்டாள். இழைப்புக்காரி அதில் நுழையவில்லை.

"முதல் போஸ்ல அப்படித்தான் நெனச்சேன்."

"ரெண்டாவதுல?"

"இல்ல. ரெண்டாவதுல தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் ஏன் அண்ணி ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ பயந்து, என்னைப் போடாதேன்னு சொல்லிடுவியோன்னு. கடை போயிடுமேன்னு. நான் என்ன சொன்னாலும் அதுதான் நெஜம்."

டீச்சர் திட்டியிருக்கலாம். ஓங்கி அறைந்திருந்தாலும் இழைப்புக்காரி வாங்கிக்கொண்டிருப்பாள். ஆனால் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, அதன் விளிம்பை உருட்டிக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது. கீழே மெஷின் நின்றது. படியில் போட்டோக்காரரின் செருப்புச் சத்தம் கேட்டது.

"அண்ணன்கிட்ட சொல்லாதீங்க," என்றாள் டீச்சர் அவசரமாக.

"சொல்லத்தான் போறேன். என்னால முடியாது."

"முடியணும். என்னை இங்க நிக்கவச்சதே அவன்தான்னு அவன் உடைஞ்சுபோயிடுவான். அப்புறம் கேமராவையே தொடமாட்டான். உங்களுக்குப் பாரம் குறையணும்னு அவன் தலையில ஏத்தாதீங்க. நீங்களே வச்சுக்கோங்க." தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டாள். "இந்தப் படத்தையெல்லாம் அச்செடுத்துக் கொடுங்க, டாக்டருக்குக் காட்டணும். விக்கிற பழசை எடுத்துடுங்க. இன்னிக்கு எடுக்கறதைப் போடுங்க. இழைக்காதீங்க."

போட்டோக்காரர் வேர்த்துக்கொண்டு உள்ளே வந்தார். "அவரு மருமகனுக்கு வேலை வாங்கித் தரணுமாம். அந்தக் கதை முழுசும் கேட்டுட்டு வரேன். ரெடியா?"

"ரெடி."

டீச்சர் மேடையில் ஏறினாள். தலையைப் பின்னால் நன்றாகச் சாய்த்தாள், கழுத்து முழுசும் வெளிச்சத்துக்கு வருகிற மாதிரி. மேடை சுற்றியது. அந்தச் சுற்று முடிகிறவரை அவள் ஒரு தடவைகூட முழுங்கவில்லை. கண்ணோரத்தில் வழிந்தது மட்டும் தொப்பிக்குள் இறங்கியது. வெளிச்சம் கூசுகிறதா என்று அண்ணன் கேட்டார்.

டாக்டரிடம் அவளோடு இழைப்புக்காரிதான் போனாள். டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரொம்ப உபயோகமான படம். இது மெதுவா வளர்ற வகைதான், பயப்பட வேண்டாம். ஆனா குரல் நரம்புகிட்ட போயிடுச்சு. அப்பவே வந்திருந்தா இவ்வளவு அறுக்க வேண்டியிருந்திருக்காது. இவ்வளவு தெளிவாத் தெரியுதே, வீட்டுல ஒருத்தர்கூடக் கவனிக்கலையா?"

"யாரும் கவனிக்கல டாக்டர்," என்றாள் டீச்சர். அண்ணியின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இழைப்புக்காரி மடியிலிருந்த கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். குரல் திரும்பவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். குளத்தங்கரையில் டீச்சர் இப்போது கழுத்தில் ஒரு துணியும் கையில் ஒரு விசிலுமாக நிற்கிறாள். தண்ணீர் குடிக்கிற பிள்ளைக்கு ஒரு ஊதல், காலை வேகமாக அடி என்பதற்கு இரண்டு ஊதல். ஆழமான பக்கத்துக்கு அவளை விடுவதில்லை. சத்தம் போட்டுக் கூப்பிடக்கூடிய ஆள் அங்கே வேண்டுமாம். அண்ணியிடம் பழையபடிதான் பேசுகிறாள், முன்னைவிட மரியாதையாகவே. அந்த மரியாதைதான் இழைப்புக்காரிக்குத் தாங்கவில்லை.

பழைய நீச்சல்காரியை விற்பனையிலிருந்து எடுத்தாயிற்று. தங்கச்சியே சொன்னதால் போட்டோக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். புதியதில் இழைப்புக்காரி விரல்களைப் பிரித்தாள், காதைச் செய்தாள், அக்குளை அடைத்தாள். கழுத்தைத் தொடவில்லை. விற்பனை மந்தம்தான். மாடிப்படிக்குக் கீழே பாஸ்போர்ட் படம் எடுக்கப்படும் என்று மறுபடியும் ஒரு பலகை தொங்குகிறது.

சிலைக்காரப் பெரியவர் புதியதையும் வாங்கினார். சீக்கிரமே எழுதினார். உருவம் அருமை, ஆனால் தொண்டையின் வலது பக்கம் ஸ்கேனில் கோளாறு விழுந்திருக்கிறது, பழைய கழுத்தைப் போலச் சரிசெய்து அனுப்பினால் நன்றாக இருக்கும் என்று.

"பழைய வாடிக்கைக்காரர். அவருக்கு மட்டும் இழைச்சு அனுப்பிடேன்," என்றார் போட்டோக்காரர். "தங்கச்சிக்கென்ன தெரியவா போகுது? உனக்கு ஒரு நிமிஷ வேலை."

"ஒரு நிமிஷ வேலைதான்," என்றாள் இழைப்புக்காரி.

அவர் கீழே போனதும் பதில் அடித்தாள். ஐயா, அது கோளாறு இல்லை. அந்தப் பெண் அன்றைக்கு அப்படித்தான் இருந்தாள். நீங்கள் புகழ்ந்து எழுதிய பழைய கழுத்தில்தான் கோளாறு. அது என் கையால் வந்தது. அனுப்பிவிட்டு, எழுந்து சுவரில் ஒட்டியிருந்த அந்தப் பாராட்டைக் கிழித்தாள். பிறகு நாத்தனாருக்குப் போன் போட்டாள். பெரியவர் எழுதியதைப் படித்துக் காட்டினாள்.

"உன் கழுத்துல கோளாறாம். பழைய மாதிரி சரிபண்ணிக் கொடுக்கணுமாம்."

அந்தப் பக்கம் டீச்சர் சிரித்தாள். சிரிக்கிறாள் என்பது மூச்சில்தான் தெரிந்தது. டயர் கடைக்காரரைத் தூக்கிவாரிப்போட வைத்த சிரிப்பு, போனில் வெறும் காற்றாக வந்துகொண்டிருந்தது. இழைப்புக்காரி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அது நிற்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.